பிரவுசரில் இருந்தபடியே வெப் ஆப் செக்யூரிட்டி டெஸ்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் காளவாசல், அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் மாடி அறைகளில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து வெப் ஆப் செய்து கொடுக்கிறார்கள்: பூ மண்டிக்கு, சுங்குடிச் சேலைக் கடைக்கு, லாட்ஜுக்கு, ஸ்கேன் சென்டருக்கு. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. இப்படிச் செய்த ஆப்களைச் சோதித்து ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்வது என் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன், புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் நேரே வேலையில் இறங்கலாம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பிளகின், ஆட்-ஆன், எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒன்றுதானா அண்ணே?

பேச்சில் ஒன்றுதான். ஆனால் பழைய பாடங்களைப் படிக்கும்போது குழம்பாமல் இருக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு பிளகின் என்றால் ஜாவா, ஃபிளாஷ் மாதிரி பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடிய தனி நிரல். குரோம் 2015 செப்டம்பரில் ஜாவா மாதிரியான பழைய வகையை நிறுத்தியது, ஃபிளாஷ் 2020 கடைசியோடு முடிந்தது. இன்று நாம் போடுவது எல்லாம் எக்ஸ்டென்ஷன், பிரவுசருக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். ஃபயர்ஃபாக்ஸிலும் 2017 நவம்பர் 14 அன்று வந்த 57ஆம் பதிப்போடு பழைய வகை ஆட்-ஆன்கள் ஓடாமல் போயின. டேம்பர் டேட்டா, எக்ஸ்எஸ்எஸ் மீ என்றெல்லாம் பழைய பிடிஎஃப்களில் பெயர் பார்த்துவிட்டுத் தேடிப் போகாதீர்கள். அதே பெயரில் இப்போது ஏதாவது கிடைத்தால் அது பெரும்பாலும் வேறு யாரோ புதிதாக எழுதியது. நன்றாகவும் இருக்கலாம், ஆனால் பழைய பெயருக்காக நம்பிவிடக் கூடாது.

ஸ்கேனர் ஒன்றை ஓட விட்டால் எல்லாம் சொல்லிவிடுமே, பிரவுசரில் உட்கார்ந்து ஏன் பார்க்க வேண்டும்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. அந்த விலையை வியாபாரிகளுக்குக் காட்டும் ஒரு ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரியாக்ட், ஆங்குலர் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் செய்திருப்பார்கள். சர்வரிடம் பக்கத்தைக் கேட்டால் வருவது கிட்டத்தட்ட காலிப் பாத்திரம்தான், உள்ளே ஒரு வரி, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, அவ்வளவு. அந்த ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசரில் ஓடி, ஏபிஐயை (சர்வரிடம் தரவு கேட்கும் வாசல்) ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டு, பட்டியல், பொத்தான், படிவம் எல்லாவற்றையும் அங்கேயே கட்டுகிறது. எச்டிஎம்எல்லில் இருக்கும் இணைப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பழைய ஸ்கேனருக்கு அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. இரண்டு பக்கம் பார்த்துவிட்டு 'ஆபத்து ஒன்றும் இல்லை' என்று அறிக்கை கொடுத்துவிடும். அந்த அறிக்கையை நம்பி ஆப்பை வெளியே விட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, முகவரியில் # குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போவதே இல்லை. அதை எடுத்துத் திரையில் போடும் ஜாவாஸ்கிரிப்டில் ஓட்டை இருந்தால் சர்வரின் பதிவேடான லாகில் ஒரு தடயமும் விழாது. அது நடப்பது பிரவுசருக்குள்ளே மட்டும்தான். அதனால் பார்க்கிற ஆளும் அங்கேதான் உட்கார வேண்டும். ஸாப் மாதிரி சோதனைக் கருவிகளிலும் உண்மையான பிரவுசரைத் திறந்து பொத்தான் பொத்தானாக அழுத்திப் பார்க்கும் அஜாக்ஸ் ஸ்பைடர் என்ற வசதி இருக்கிறது, அதை வைத்ததே இந்தக் காரணத்துக்காகத்தான்.

முதலில் எதை நிறுவ வேண்டும்?

ஒன்றையும் நிறுவ வேண்டாம். எஃப் 12 அழுத்துங்கள், பிரவுசரோடு வரும் டெவ் டூல்ஸ் திறக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த ரிக்வெஸ்ட் (சர்வரிடம் கேட்பது) போகிறது, பதிலில் என்னென்ன வருகிறது என்று நெட்வொர்க் தாவலில் ஒரு வாரம் பார்த்துப் பழகுங்கள். திரையில் பெயரும் ஊரும் மட்டும் தெரியும், ஆனால் பின்னால் வந்த ஜேசானில் (சர்வர் அனுப்பும் தரவு) போன் நம்பர், பிறந்த தேதி, சில நேரம் பாஸ்வேர்ட் ஹேஷ் வரைக்கும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கண் இருந்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு ரிக்வெஸ்டை வலது கிளிக் செய்தால் திருத்தி மறுபடி அனுப்பும் வசதி அங்கேயே இருக்கிறது. குரோமில் ரிக்வெஸ்டை ஃபெட்ச் வரியாக நகலெடுத்து கன்சோலில் ஒட்டி, மாற்றி, ஓட்டலாம்.

அது கைவந்த பிறகு, நான் எல்லாருக்கும் சொல்வது இவ்வளவுதான். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று ரிக்வெஸ்டைப் பிடிக்கும் ப்ராக்ஸியைச் சட்டென்று மாற்ற ஃபாக்ஸிப்ராக்ஸி. இரண்டு மூன்று ஆட்களாக ஒரே நேரத்தில் லாகின் செய்ய மொஸில்லாவின் மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ், இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்கிறேன். லாகின் மாதிரி விவரங்களை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் குக்கியைப் பார்க்க, மாற்ற குக்கி எடிட்டர். எதில் கட்டிய ஆப் என்று அறிய வாப்பலைசர். பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைக் காட்ட ரிடையர் ஜேஎஸ். எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு வெப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் திட்டங்களில் ஒன்றான பெனட்ரேஷன் டெஸ்டிங் கிட், சுருக்கமாக பிடிகே. ரிக்வெஸ்ட் கட்டுவது, லாகின் அடையாளமான டோக்கனைப் பிரித்துப் பார்ப்பது, ஸ்கேன் செய்வது எல்லாம் அதில் உண்டு. இருபது எக்ஸ்டென்ஷன் போட்டவர் நல்ல டெஸ்டர் என்று கிடையாது. பலருடைய பிரவுசரில் அவை ஒன்றோடொன்று மோதி, ஆப் உடைந்திருக்கிறதா எக்ஸ்டென்ஷன் உடைத்ததா என்றே தெரியாமல் அரை நாள் போயிருக்கிறது.

கன்டெய்னர் எதற்கு? இன்காக்னிட்டோ திறந்தால் போதாதா?

இரண்டு ஆளுக்குப் போதும், ஆனால் நமக்குக் குறைந்தது நாலு ஆள் வேண்டும். இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிக முக்கியமான பதில் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓவாஸ்ப் 2021இல் வெளியிட்ட பத்து ஆபத்துகள் பட்டியலில் முதல் இடம் அனுமதிக் கட்டுப்பாடு சரியில்லாததுக்கு. அதாவது நான் பார்க்கக் கூடாததை நான் பார்க்க முடிவது, நான் செய்யக் கூடாததை நான் செய்ய முடிவது. என் அனுபவத்திலும் இந்த ஊர் ஆப்களில் நான் கண்ட பெரிய ஓட்டைகள் பெரும்பாலும் இந்த வகைதான். எந்த ஸ்கேனரும் இதைத் தானாகப் பிடிப்பது கடினம். ஏனென்றால் ராமசாமியின் பில்லை முருகன் பார்க்கக் கூடாது என்பது மிஷினுக்குத் தெரியாது, ஆப்பின் கதை தெரிந்த மனுசனுக்குத்தான் தெரியும்.

ஒரு லாட்ஜ் புக்கிங் ஆப். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வெளியூரிலிருந்து சனம் வந்து குவியும், அறை பல வாரம் முன்பே முடிந்துவிடும், அதனால் ஆன்லைனில் புக்கிங் போட்டிருந்தார்கள். அடையாளத்துக்கு ஆதார் நகலையும் அதிலேயே ஏற்ற வேண்டும். நான் சிவப்பு கன்டெய்னரில் ஒரு வாடிக்கையாளராக லாகின் செய்தேன், நீலத்தில் இன்னொரு வாடிக்கையாளர், மஞ்சளில் ரிசப்ஷன் ஊழியர், பச்சையில் ஓனர். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் குக்கியும் லோக்கல் ஸ்டோரேஜும் (பிரவுசரில் தளம் சேமிக்கும் இடம்) தனித்தனி என்பதால் ஒரே ஜன்னலில் நாலு பேராக இருக்கலாம், ஒன்று இன்னொன்றைத் தொடாது. சிவப்பில் என் புக்கிங்கைத் திறந்தேன், ரிக்வெஸ்டில் ஒரு எண் இருந்தது. நீலத்திலும் திறந்தேன், அதற்கு அடுத்த எண். சிவப்பின் ரிக்வெஸ்டில் நீலத்தின் எண்ணைப் போட்டு அனுப்பினேன். நீலத்தின் பெயர், போன் நம்பர், ஆதார் நகலின் இணைப்பு எல்லாம் சிவப்புக்கு வந்துவிட்டது. எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் அந்தத் திருவிழாவுக்கு வந்த அத்தனை குடும்பத்தின் ஆதாரும் ஒருவர் கைக்குப் போயிருக்கும். நான் போகவில்லை. என் இரண்டு கணக்கோடு நிறுத்திக்கொண்டேன், ஓட்டை இருக்கிறது என்று காட்ட அது போதும். மற்றவர்களின் ஆதாரை நாம் எடுத்துப் பார்த்தால் நாமும் அதே தப்பைத்தான் செய்கிறோம்.

செய்த பையன் நல்ல திறமைசாலி. திரையில் அடுத்தவர் புக்கிங் எதுவும் தெரியாதபடிதான் எழுதியிருந்தான். திரையில் தெரியாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டான். கதவைச் சாத்தியிருந்தான், தாழ்ப்பாள் போடவில்லை. இந்த எண் யாருடையது, கேட்பது யார் என்று ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் சர்வர் பார்க்க வேண்டும். வரிசை எண்ணுக்குப் பதிலாக நீளமான கலவை எண் போட்டால் ஊகிப்பது கடினமாகும், நல்லதுதான், ஆனால் அது தாழ்ப்பாளுக்கு ஈடாகாது. அந்த எண் ஒரு மெயிலிலோ வாட்ஸப்பிலோ வெளியே போனால் முடிந்தது கதை.

பர்ப் சூட் என்ற ப்ராக்ஸிக் கருவி வைத்திருப்பவர்கள் கன்டெய்னரோடு பான்ஃபாக்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனையும் சேர்த்தால் எந்த ரிக்வெஸ்ட் எந்த ஆளிடமிருந்து வந்தது என்று பர்ப்பில் நிறம் நிறமாகத் தெரியும். குரோம்தான் வேண்டும் என்பவர்கள் நாலு புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள், வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக.

அட்மின் பக்கத்தைத் திறந்துவிட்டேன், இது ஓட்டைதானே?

பொறுங்கள். சர்வரிடமிருந்து வந்த பதிலில் 'அட்மின்: இல்லை' என்பதை 'ஆம்' என்று மாற்றினால் (குரோமில் லோக்கல் ஓவர்ரைட்ஸ் இதற்கு உதவும்) மெனுவில் அட்மின் பொத்தான் வரும், பக்கமும் திறக்கும். அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் கையில் இருக்கும் கோப்பு. அது திறப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துக்குள் பட்டியல் வருகிறதா? அங்கே இருக்கும் 'நீக்கு' பொத்தானை அழுத்தினால், உங்கள் சோதனைப் பதிவு ஒன்று உண்மையிலேயே நீங்குகிறதா? அப்படி நடந்தால்தான் அது ஓட்டை. காலிப் பக்கம் திறந்து எல்லா ரிக்வெஸ்டுக்கும் 403 (அனுமதி இல்லை என்ற பதில்) வந்தால் சர்வர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம், அதை 'மிக ஆபத்து' என்று அறிக்கையில் எழுதி கிளையன்டைப் பயமுறுத்தக் கூடாது.

விலைப் பெட்டி, தள்ளுபடி, ஓடிபி சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சேலைக் கடையின் ஆப்பில் அளவுப் பெட்டியில் கழித்தல் ஒன்று போட முடியாதபடி ஜாவாஸ்கிரிப்ட் தடுக்கும். ரிக்வெஸ்டைத் திருத்தி கழித்தல் ஒன்று அனுப்பினால் மொத்தத் தொகை குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அன்றைக்கே போன் செய்து சொல்ல வேண்டிய விஷயம்.

எக்ஸ்எஸ்எஸ் தேட எந்த எக்ஸ்டென்ஷன் நல்லது?

எக்ஸ்எஸ்எஸ் என்றால் வெளியாள் கொடுத்த நிரல் நம் பக்கத்தில் ஓடிவிடுவது. பர்ப் சூட்டோடு வரும் பிரவுசரில் டாம் இன்வேடர் என்று ஒன்று இருக்கிறது, இலவசப் பதிப்பிலும் உண்டு, 2021இலிருந்து வருகிறது. ஒரு அடையாளச் சொல்லை நீங்கள் முகவரியிலோ பெட்டியிலோ போடுவீர்கள், அது ஜாவாஸ்கிரிப்டுக்குள் சுற்றி எந்த இடத்தில் போய் விழுகிறது என்று அது காட்டும். இன்னர் எச்டிஎம்எல்லில் விழுந்தால் அது எச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளப்படும், கவனம், டெக்ஸ்ட் கன்டென்டில் விழுந்தால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் போஸ்ட் மெசேஜ் செய்திகளையும் அது பிடிக்கும். பேமெண்ட் பெட்டியை ஐஃபிரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) வைக்கும் ஆப்களில் அதைக் கட்டாயம் பாருங்கள், அனுப்பியது யார் என்று சரிபார்க்காமலேயே செய்தியை நம்பும் நிரல் நிறைய இருக்கிறது.

ரியாக்டில் எழுதினால் எக்ஸ்எஸ்எஸ் வராது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பாதிதான் சரி. சாதாரணமாகப் போடும் எழுத்தை ரியாக்ட் பாதுகாப்பாக மாற்றிவிடும், ஆனால் பேரிலேயே ஆபத்து என்று எழுதி வைத்திருக்கும் டேஞ்சரஸ்லி செட் இன்னர் எச்டிஎம்எல்லை அறிவிப்புப் பலகை, பொருள் விவரம், விமர்சனம் மாதிரி இடங்களில் பயன்படுத்தியிருப்பார்கள். அங்கே போய்ப் பாருங்கள். இணைப்பு முகவரியைப் பயனரே கொடுக்கும் இடமும் அப்படித்தான்.

டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருக்கிறார்கள், தப்பா?

லோக்கல் ஸ்டோரேஜில் இருப்பதை அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்டும் படிக்கும். அதனால் ஒரு சின்ன எக்ஸ்எஸ்எஸ் இருந்தாலே கணக்கு முழுசாகப் போய்விடும். எச்டிடிபி ஒன்லி குக்கியாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்டால் அதைத் தொட முடியாது, ஆனால் குக்கி தானாகவே போகும் என்பதால் வேறு தளத்திலிருந்து தூண்டப்படும் ரிக்வெஸ்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். குரோம் 80, 2020 பிப்ரவரியில், சேம் சைட் குறிக்காத குக்கியை லாக்ஸ் (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்டோடு பெரும்பாலும் போகாது) என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது, அதனால் கொஞ்சம் நிம்மதி. அதை மட்டும் நம்பி விடாதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது வேறு. லாக் அவுட் செய்வதற்கு முன் டோக்கனை நகலெடுத்து வைத்துக்கொள்வேன், லாக் அவுட் செய்வேன், பிறகு பழைய டோக்கனோடு அதே ரிக்வெஸ்டை அனுப்புவேன். பல ஆப்களில் அது சந்தோஷமாக வேலை செய்கிறது. பிரவுசரில் டோக்கனை அழித்தார்களே தவிர சர்வரில் ஒன்றும் நடக்கவில்லை. பிரவுசிங் சென்டரில், ஆஸ்பத்திரி கவுண்டரில், எத்தனை பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்று யோசித்தால் இதன் கனம் புரியும். ஜேடபிள்யூடி டோக்கன் என்றால் மூன்று துண்டு, நடுத்துண்டை யாரும் பிரித்துப் படிக்கலாம், அது பூட்டிய பெட்டி கிடையாது. உள்ளே ஆதார் எண் இருந்த டோக்கனைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

ரிடையர் ஜேஎஸ் சிவப்பாகக் காட்டுகிறது, அறிக்கையில் போடட்டுமா?

போடலாம், ஆனால் அளவாக. உதாரணமாக 2020 ஏப்ரலில் வந்த ஜேகுவரி 3.5.0க்கு முந்தைய பதிப்புகளில் எக்ஸ்எஸ்எஸ் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து வரும் எச்டிஎம்எல்லை அதன் எச்டிஎம்எல், அப்பெண்ட் மாதிரி செயல்களுக்குக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். இந்த ஆப் அப்படிக் கொடுக்கிறதா என்று நிரலில் தேடிப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் 'மாற்றிவிடுங்கள்' என்று ஒரு வரி போதும்.

விலை தானாக மாறும் பக்கங்களில் நெட்வொர்க் தாவலில் ஒன்றுமே வரவில்லையே?

வெப்சாக்கெட்டாக இருக்கும். இணைப்பு ஒரு முறைதான் திறக்கும், அப்புறம் செய்திகள் அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் தாவலில் அந்த ஒற்றை வரியைத் தொட்டால் உள்ளே போய்வரும் செய்திகள் தெரியும், ஆனால் அங்கே திருத்த முடியாது. திருத்த பர்ப் அல்லது ஸாப் வேண்டும். மண்டி ஆப்பில் வாங்குபவராக லாகின் செய்துகொண்டு விற்பவர் அனுப்பும் விலைச் செய்தியை அனுப்பிப் பாருங்கள். கதவு திறக்கும்போது ஆளைச் சரிபார்த்துவிட்டு, உள்ளே வந்தபின் அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் சர்வர்கள் உண்டு.

அப்படியானால் பர்ப், ஸாப் கட்டாயமா? எக்ஸ்டென்ஷன் மட்டும் போதாதா?

கற்கிறவருக்கும், தன் ஆப்பைத் தானே பார்க்கும் டெவலப்பருக்கும் எக்ஸ்டென்ஷனோடு டெவ் டூல்ஸ் நிறைய தூரம் வரும். நாலு ஜிபி ராம் லேப்டாப்பில் படிக்கிற பிள்ளைகள் அதனால் மனம் தளர வேண்டாம். ஆனால் எக்ஸ்டென்ஷன் பிரவுசரின் சட்டத்துக்கு உட்பட்டதுதான். பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை ஹோஸ்ட் மாதிரி சில ஹெட்டர்களை மாற்றப் பிரவுசர் விடாது, வேண்டுமென்றே உடைந்த வடிவத்தில் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது, மொபைல் ஆப்பின் போக்குவரத்தைப் பார்க்க முடியாது. அதற்கெல்லாம் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி வேண்டும். ஸாப் இலவசம், 2010இலிருந்து இருக்கிறது. பர்ப்பின் கம்யூனிட்டி பதிப்பும் இலவசம். ப்ராக்ஸியின் சான்றிதழைப் போட்டும் ஃபயர்ஃபாக்ஸ் எச்சரிக்கை காட்டினால், ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிச் சான்றிதழ்க் கிடங்கு உண்டு, அதில் போட்டீர்களா என்று பாருங்கள்.

குரோமில் முன்பு வேலை செய்த எக்ஸ்டென்ஷன் இப்போது ஏன் செத்துப் போனது?

மேனிஃபெஸ்ட் வி3, அதாவது எக்ஸ்டென்ஷன் எழுதுவதற்கான புதிய விதிமுறை. குரோம் 2024 ஜூனிலிருந்து பழைய வி2 எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக அணைத்தது. புதிய முறையில், போகிற ரிக்வெஸ்டை நடுவில் நிறுத்தி, பார்த்து, மாற்றும் அதிகாரம் சாதாரண எக்ஸ்டென்ஷனுக்கு இல்லை, முன்கூட்டியே எழுதிய விதிகளைத்தான் கொடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் அந்த அதிகாரத்தை இன்னும் வைத்திருக்கிறது. டெஸ்டிங்குக்கு நான் ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வதற்கு கன்டெய்னருக்கு அடுத்த காரணம் இதுதான்.

இலவச எக்ஸ்டென்ஷனை நம்பலாமா?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும், கேட்பவர்கள் குறைவு. 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்கிறதே, அது வெறும் வாசகம் இல்லை. கிளையன்டின் அட்மின் லாகின், உங்கள் வங்கிப் பக்கம், ஜிமெயில் எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். பல லட்சம் பேர் வைத்திருந்த தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் கை மாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் என்று கூகுள் அதை நீக்கியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனே திருடர் கைக்குப் போனது. அந்த நிறுவன ஊழியர் ஒருவரைத் திருடர்கள் போலி மெயிலில் ஏமாற்றி, கெட்ட பதிப்பைக் கடையில் ஏற்றிவிட்டார்கள், அது தானாகவே எல்லார் பிரவுசருக்கும் போய்ச் சேர்ந்தது. வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

அதனால் டெஸ்டிங்குக்கு என்று தனி பிரவுசர் புரொஃபைல் வையுங்கள். அதில் சொந்த மெயில், வங்கி எதுவும் திறக்கக் கூடாது. சொந்தப் புரொஃபைலில் டெஸ்டிங் எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்கலாம், வேலை நடக்கும் நாட்களில் நான் நிறுத்திவிடுகிறேன். வேலை முடிந்ததும் அந்தப் புரொஃபைலையே அழித்துவிடுகிறேன்.

எங்கே போட்டுப் பழகுவது? மதுரையிலேயே எத்தனையோ அரசு, காலேஜ் தளங்கள் இருக்கிறதே?

வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 சொல்வது உரிமையாளர் அனுமதி இல்லாமல் அவர் கணினிக்குள் போவதே தவறு, இழப்பீடு கட்ட வேண்டும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66, மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அரசு அறிவித்தவற்றைத் தொட்டால் பிரிவு 70, பத்து வருடம் வரை. 'நான் உதவி செய்யத்தான் பார்த்தேன்' என்பதை ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழக இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப்பை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம், ஆங்குலரில் கட்டிய கடை, நாம் பேசிய மாதிரியான டைனமிக் ஆப்பேதான், ஓட்டைகளை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். டிவிடபிள்யூஏ பிஎச்பியில், வெப்கோட் ஜாவாவில். பர்ப் செய்யும் போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம், பாடத்தோடு சோதனைக் கூடமும் இருக்கிறது.

தேடாமலே கண்ணில் பட்டுவிட்டால்? என் தங்கச்சி ரிசல்ட் பார்க்கும்போது அடுத்த பெண்ணின் மார்க் வந்தது.

அங்கேயே நிறுத்துங்கள். உறுதி செய்கிறேன் என்று இன்னும் நாலு எண் போட்டுப் பார்க்காதீர்கள். அடுத்தவர் விவரத்தை மறைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட், நேரம், முகவரி, என்ன செய்தபோது வந்தது, இவ்வளவு போதும். தளத்தின் உரிமையாளருக்கும் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கும் மெயில் எழுதுங்கள், ஓட்டைகளைப் பற்றித் தகவல் வாங்குவது செர்ட்-இன் வேலைகளில் ஒன்று. வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள்.

கிளையன்டிடம் அனுமதி எப்படி வாங்குவது? ஓனர் 'பாத்துக்கங்க தம்பி' என்று சொல்லிவிட்டார்.

வாய்ச்சொல் போதாது. ஓனரின் மெயிலிலிருந்து எழுத்தில் வர வேண்டும்: எந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எது வரை, எந்தக் கணக்குகளை வைத்து, எதைத் தொடக் கூடாது, ராத்திரி ஏதாவது விழுந்தால் யாரைக் கூப்பிடுவது. பேமெண்ட் கேட்வே வேறு நிறுவனத்துடையது, ஓனர் அதற்கு அனுமதி தர முடியாது, அதைத் தனியாக எழுதி விலக்குங்கள். முடிந்தால் சோதனைச் சர்வரில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இதை நான் வலியோடுதான் கற்றேன். ஆரம்பத்தில் ஒரு கடையின் நேரடி ஆப்பில் படிவங்களைத் தானாக நிரப்பும் ஸ்கேனை ஓட விட்டேன். ஒவ்வொரு படிவமும் ஒரு ஆர்டராகப் பதிவாகி, கடை ஊழியர்கள் தீபாவளி நேரத்தில் இல்லாத ஆர்டருக்குச் சேலை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு நாள் உழைப்பு வீணானது. அன்றிலிருந்து நேரடி ஆப்பில் தானியங்கி ஸ்கேன் தொடுவதில்லை, திருவிழா, பண்டிகை வாரங்களில் வேலையே எடுப்பதில்லை.

ஓனருக்கு இதில் என்ன நன்மை என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு வைக்காமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாகே வைக்காத ஆப்கள்தான் இங்கே அதிகம்.

அறிக்கையில் என்னென்ன ஒட்ட வேண்டும்?

என்ன செய்தீர்கள், என்ன வந்தது, அதனால் யாருக்கு என்ன கெடுதல், எப்படிச் சரி செய்வது. முதல் பக்கம் ஓனருக்கு, தமிழிலேயே எழுதுங்கள், அவருக்குப் புரிந்தால்தான் டெவலப்பருக்கு நேரமும் பணமும் கிடைக்கும். ரிக்வெஸ்டைக் கர்ல் வரியாக (கட்டளைத் திரையில் ஓட்டும் வடிவம்) நகலெடுத்து ஒட்டும்போது அதற்குள் உயிரோடு இருக்கும் டோக்கனும் சேர்ந்து வரும், அதை அழித்துவிட்டு ஒட்டுங்கள். நெட்வொர்க் தாவலில் நடந்ததைச் சேமிக்கும் ஹார் கோப்பும் அப்படியே. 2023 அக்டோபரில் லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்துக்கு நடந்தது அதுதான், வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பியிருந்த ஹார் கோப்புகளிலிருந்த செஷன் டோக்கன்களைத் திருடர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

டெவலப்பர் சரி செய்துவிட்டேன் என்கிறார், நம்பி முடித்துவிடலாமா?

அதே கன்டெய்னர், அதே ரிக்வெஸ்ட், மறுபடி அனுப்பிப் பாருங்கள். அதற்காகத்தான் ரிக்வெஸ்டுகளைச் சேமித்து வைக்கச் சொல்கிறேன். மேலே சொன்ன லாட்ஜ் ஆப்பில் முதல் முறை 'சரி செய்தாச்சு' என்றபோது முகவரியில் தெரிந்த எண்ணை மட்டும் மறைத்திருந்தார்கள், சிவப்புக்கு நீலத்தின் புக்கிங் அப்படியே வந்தது. இரண்டாம் முறை புக்கிங் ரிக்வெஸ்டுக்கு 403 வந்தது, ஆனால் பில் பிடிஎஃப் இணைப்பும் ஆதார் படத்தின் இணைப்பும் லாகினே இல்லாமல் திறந்தன. அந்தப் பையனும் நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து, புக்கிங் எண்ணை வாங்கும் எல்லா ஏபிஐயையும் ஒரு தாளில் எழுதினோம், பதினொன்று இருந்தது. மூன்றாம் முறை பதினொன்றையும் சிவப்பு, நீலம், மஞ்சள், அப்புறம் லாகின் இல்லாமல் என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். எங்கே மறுக்க வேண்டுமோ அங்கெல்லாம் மறுத்தது. அதற்குப் பிறகுதான் அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே 'சரியானது' என்று எழுதித் தேதி போட்டேன்.